ஆதுலசாலையை அளப்பது எப்படி?

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டவரையும், இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்தவரையும் மருத்துவமனை சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. தூக்கி உட்காரவைக்க வீட்டில் ஆளில்லை. மகன் ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறான், மருமகள் தறியிலோ கடையிலோ இருக்கிறாள். அப்போது குடும்பம் தேடிப்போகும் இடத்துக்கு மறுவாழ்வு மையம், பராமரிப்பு இல்லம், முதியோர் இல்லம், கருணை இல்லம் என்று பல பெயர்ப்பலகைகள். எந்தப் பலகையை நம்பி ஆளை விட்டுவிட்டு வரலாம்? அந்த இடம் நல்லது, பத்திரமானது என்பதை எதைக் கொண்டு அறிவது?

கேள்வி வருங்காலத்தில் இன்னும் பெரிதாகும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயது கடந்தோர் 10.4 விழுக்காடு. மதிப்பீடுகள் 2021க்கு 13.6 என்றும் 2031க்கு 18.2 என்றும் சொல்கின்றன. கேரளத்துக்கு அடுத்து முதுமை கூடிய பெரிய மாநிலம் நம்முடையது. பதில்களோ கேள்வியைப் போலவே பழையவை. அவற்றில் மிகப் பழைய ஒன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே கல்லில் கிடக்கிறது.

கல்லில் எண்ணியது

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல். அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், 1068ஐ ஒட்டி, வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. கே. வி. சுப்பிரமணிய ஐயர் அதை எபிகிராபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் கல்லூரி, மாணவர் விடுதி, இவற்றோடு 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலை (மருத்துவமனை) ஆகியவற்றின் செலவுக் கணக்கு அதில் வருகிறது. தஞ்சாவூரில் குந்தவை ஏற்படுத்திய ஆதுலசாலையையும் கல்வெட்டால்தான் அறிகிறோம். ஆனால் திருமுக்கூடல் அளவுக்கு உள்விவரம் தரும் கல் தமிழ்நாட்டில் அரிது.

படுக்கை 15. ஒரு வைத்தியர், சல்லியக் கிரியை (அறுவை) செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய். ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள் ஏறக்குறைய இருபது, பெயர் பெயராக. தசமூல அரிதகி, வில்வாதி நெய், பழைய நெய்யான புராண சர்ப்பி எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளன.

தரத்தை மதிப்பிடும் முதல் வழி இது. என்ன இருக்கவேண்டும் என்று எண்ணிச் சொல்வது, இருக்கிறதா என்று பார்ப்பது. அமெரிக்க மருத்துவ அறிஞர் அவெடிஸ் டொனபேடியன் 1966இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் மருத்துவத் தரத்தை மூன்றாகப் பிரித்தார்: அமைப்பு, செய்முறை, விளைவு. திருமுக்கூடல் கல் முழுக்க முழுக்க அமைப்பைப் பேசுகிறது. எத்தனை பேர் குணமாகிப் போனார்கள், பெண்கள் இருவரும் நோயாளியை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. தானக் கணக்கில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இந்த ஆதுலசாலை மாணவருக்கும் கோயிலைச் சார்ந்தோருக்கும் உரியது. ஊரார் எல்லாருக்கும் கதவு திறந்திருந்தது என்று இன்றைய மேடைகளில் பேசப்படுவது கல்லில் உள்ளதைத் தாண்டிய பெருமை.

ஆனாலும் எண்ணிக்கையை வெறும் எண்ணிக்கை என்று தள்ளிவிட முடியாது. வைத்தியருக்கு நாளுக்கு மூன்று குறுணி நெல். ஆண்டுக்கு 90 கலம், மேலே எட்டுக் காசு. சல்லியக் கிரியை செய்பவருக்கு ஒரு குறுணி. பெண்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு குறுணி, அதாவது ஆளுக்கு நான்கு நாழி. வைத்தியரின் நெல்லில் ஆறில் ஒரு பங்குதான் நோயாளிக்கு அருகில் நாள் முழுதும் நிற்பவளுக்கு. நாவிதருக்கும் அவளுக்கும் ஒரே படி. யாருடைய வேலைக்கு என்ன மதிப்பு என்பதைக் கல் மறைக்காமல் சொல்லிவிடுகிறது. இன்றைய இல்லங்களின் பளபளக்கும் விளம்பரங்களில் சம்பளப் பட்டியல் வருவதில்லை.

உரிமமும் சோதனையும்

இரண்டாம் நிலைப்பாடு அரசினுடையது. குறைந்தபட்சத் தரத்தைச் சட்டமாக எழுதி, பதிவு செய்யவைத்து, அதிகாரியை அனுப்பிச் சோதிப்பது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997இல் வந்தது. அதற்கான விதிகள் வர 2018 ஆயிற்று. இருபத்தொரு ஆண்டு விதியில்லாமல் ஒரு சட்டம் இருந்தது என்பதே இந்த நிலைப்பாட்டின் பலவீனத்தைப் பாதி சொல்லிவிடும். முதியோர் இல்லங்கள் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம், 2007இன் கீழ்ச் சமூகநலத் துறையின் பார்வையில் வருகின்றன. மனநோயாளிகளைத் தங்கவைக்கும் இடங்களுக்கு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017.

நடைமுறையில் ஒரே கட்டடத்தில் பக்கவாதக்காரர் ஒருவர், நினைவு தப்பிய பாட்டி ஒருவர், மனநோய் உள்ள இளைஞர் ஒருவர், குடியை நிறுத்த வந்தவர் ஒருவர் என்று இருப்பார்கள். எந்தத் துறைக்காரர் வரவேண்டும்? எல்லாரும் வரலாம் என்ற இடத்தில் பல சமயம் யாரும் வருவதில்லை. மறுவாழ்வு மையம் என்றாலே நம் ஊரில் குடிநோய்க்கானது என்று முதலில் தோன்றிவிடும் அளவுக்குக் குழப்பம் இருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. நோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்பது 2017 சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டது. 2018 பிப்ரவரியில், திருமுக்கூடலுக்குத் தெற்கே அதே வட்டாரத்தில், சாலவாக்கத்தை அடுத்த பாலேஸ்வரம் கருணை இல்லம் செய்திக்கு வந்தது. ஒரு சடலத்தையும் உயிருள்ள முதியவர்களையும் ஒரே வண்டியில் ஏற்றிச் சென்றதை மக்கள் கண்டதிலிருந்து பிரச்சினை கிளம்பியது. இறந்தவர்களைக் கான்கிரீட் அறைகளில் வைக்கும் வழக்கமும் கேள்விக்குள்ளானது. குற்றச்சாட்டுகளை நிர்வாகம் மறுத்தது. அங்கிருந்த முதியோரை அதிகாரிகள் வேறு இல்லங்களுக்கு மாற்றினார்கள். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் இல்லம், அங்கே விடப்பட்ட ஒருவரைக் காணவில்லை என்று உறவினர்கள் நீதிமன்றம் போனதிலிருந்து விசாரணைக்கு வந்தது.

இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வெளிச்சம் வந்தது தீயால், தெருவில் போனவர்களால், உறவினர்களால். சோதனைக்கு வந்த அதிகாரியின் குறிப்பால் எதுவும் வெளிவரவில்லை. இது நம் நாட்டுக்கே உரிய குறையும் அல்ல. இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்ற இடத்தில் நடந்த கொடுமையை 2011இல் பிபிசியின் மறைகேமரா காட்டியது. அங்கு வேலை பார்த்த ஒருவர் முன்பே எச்சரித்தும் கண்காணிப்பு அமைப்பு செவிசாய்க்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

அப்படியானால் சோதனையால் பயனே இல்லையா? தீயணைப்பான், இரண்டாவது வாசல், மருந்து அலமாரியின் பூட்டு, குளியலறையில் கைப்பிடிக் கம்பி போன்றவற்றைச் சோதனை நன்றாகவே பிடிக்கும். ஏர்வாடியில் இவற்றில் ஒன்றிரண்டு இருந்திருந்தால் உயிர்கள் தப்பியிருக்கலாம். அதற்கு மேல் சோதனையிடம் எதிர்பார்ப்பதில்தான் சிக்கல். வருகிறார்கள் என்று தெரிந்த அன்று படுக்கை விரிப்பு புதிதாக இருக்கும். சாம்பாரில் காய் மிதக்கும்.

விளைவைப் பார் என்றவர்கள்

இருப்பதை எண்ணிப் பயனில்லை, நடந்ததைப் பார் என்ற குரலும் பழையதுதான். மருத்துவமனை நோயாளிக்குத் தீங்கு செய்யாமலாவது இருக்கவேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் இறப்புக் கணக்குகளை வைத்து வாதாடினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், ஒவ்வொரு நோயாளியின் இறுதி நிலையையும் பதிந்து வெளியிடவேண்டும் என்றார். சக மருத்துவர்களின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார்.

விளைவைப் பார்த்தால் அமெரிக்காவின் செல்வ வளமும் நிம்மதி தரவில்லை. மருத்துவமனையிலிருந்து திறன்மிகு பராமரிப்பு இல்லங்களுக்கு வந்த மெடிகேர் பயனாளிகளில் 22 விழுக்காட்டினர் அங்கே பெரிய தீங்குக்கு ஆளானார்கள் என்றும், மேலும் 11 விழுக்காட்டினர் தற்காலிகத் தீங்குக்கு ஆளானார்கள் என்றும் அந்நாட்டுச் சுகாதாரத் துறைத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2014இல் அறிவித்தது. அவற்றில் 59 விழுக்காடு தடுத்திருக்கக் கூடியவை. மருந்துக் கோளாறு, கீழே விழுதல், தொற்று, படுக்கைப் புண் போன்ற நமக்கும் தெரிந்த சங்கதிகள்தாம்.

விளைவுக் கணக்கின் முதல் இடர், யாரைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறிவிடுவது. சாகும் நிலையில் தெருவில் கிடந்தவரை எடுத்து வரும் இல்லத்தில் சாவு அதிகமாகத்தான் இருக்கும். பாலேஸ்வரத்தில் நிர்வாகத்தின் பதிலும் இந்தத் திசையில்தான் இருந்தது. அந்தப் பதில் சரியா என்பது வேறு விசாரணை. ஆனால் சாவு எண்ணிக்கை மட்டும் எதையும் நிரூபிக்காது என்பது உண்மை. நோயாளியின் நிலைக்கேற்ப எண்களைத் திருத்தும் முறைகள் உண்டு. அவற்றுக்கு வேண்டிய பதிவேடு நம் இல்லங்கள் பலவற்றில் இல்லை.

இரண்டாம் இடர் நுட்பமானது. காஞ்சி வட்டாரத்தில் அதை நன்றாகப் பார்க்கலாம். மறுவாழ்வுச் சிகிச்சையின் பலனை அளக்க உலகெங்கும் பயன்படுவது 1965இல் வெளியான பார்தெல் அளவுகோல். உண்பது, குளிப்பது, முகம் கழுவித் தலை சீவுவது, உடுத்துவது, மலசலக் கட்டுப்பாடு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படியேறுவது உட்படப் பத்து இனம். மொத்தம் 100 மதிப்பெண். திருமுக்கூடல் கணக்கில் நாவிதருக்குப் படி ஒதுக்கியவர் இந்தப் பட்டியலைப் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

ஆனால் தரையில் சம்மணமிட்டு உட்கார்வது அதில் இல்லை. குந்தி எழுவது இல்லை. காஞ்சி நெசவாளியோ குழித்தறியில் உட்கார்ந்து, பள்ளத்தில் கால்களை இறக்கி மிதியை மாறி மாறி மிதிக்கவேண்டும். கைகள் நாடாவை ஓட்டவேண்டும். கோர்வைச் சேலை என்றால் மறுகரையில் உடனிருப்பவரோடு கை ஒத்துப்போகவேண்டும். பக்கவாதத்திலிருந்து தேறிய நெசவாளி 100க்கு 100 வாங்கிக்கொண்டு வீடு திரும்பி, தறிக்குள் இறங்க முடியாமல் நிற்கலாம். மையத்தின் ஏட்டில் அவர் வெற்றி. வீட்டிலோ வருமானம் நின்றுபோயிருக்கும். அளவுகோல் பொய்யில்லை, அது வேறொரு வீட்டின் தளவாடங்களை வைத்துச் செய்யப்பட்டது.

நட்சத்திரம் வழங்குதல்

எல்லாவற்றையும் கலந்து ஒரே மதிப்பெண்ணாக்கி மக்கள் கையில் கொடுத்துவிட்டால் சந்தை தானே திருத்திக்கொள்ளும் என்பது அடுத்த வாதம். அமெரிக்க மெடிகேர் அமைப்பு 2008இல் பராமரிப்பு இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது. சோதனை முடிவு, பணியாளர் எண்ணிக்கை, தர அளவீடுகள் மூன்றும் சேர்ந்தது அந்த நட்சத்திரம். இவற்றில் பின்னிரண்டும் இல்லங்கள் தாமே தந்த தகவல். விரைவில் நட்சத்திரங்கள் கூடின. பராமரிப்பும் அதே அளவு கூடியதா என்பது ஐயமாகவே இருந்தது. சொந்த வாக்குமூலத்தை விட்டுச் சம்பளப் பதிவேட்டைப் பார்க்கத் தொடங்கியபோது, பல இடங்களில் ஆட்கள் முன்பு சொன்னதைவிடக் குறைவு என்றும் வார இறுதியில் எண்ணிக்கை இறங்கிவிடுகிறது என்றும் 2019இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். முதியோரை அடக்கிவைக்கத் தரும் மனநோய் மருந்து கணக்கில் ஏறாதிருக்க, மனச்சிதைவு என்ற நோய்ப்பெயர் தாராளமாக எழுதப்பட்டதை நியூயார்க் டைம்ஸ் 2021இல் வெளிக்கொணர்ந்தது.

நம்மிடம் இப்படி ஒரு நட்சத்திர முறை இல்லை. கூகுள் மதிப்பெண் இருக்கிறது. அதை எழுதுபவர் கட்டணம் செலுத்தும் மகன். கட்டிலில் கிடப்பவரின் கையில் போன் இருப்பதில்லை.

மருத்துவமனைகளுக்கான தேசிய தரச்சான்று, செய்முறைகள் எழுதப்பட்டுள்ளனவா, பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கிறது. நல்ல முயற்சிதான். ஆனால் ஏடு எழுதுவதே வேலையாகிவிடும் ஆபத்து அதிலும் உண்டு. படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் படுக்கவைத்த நேரத்தைக் குறிக்கும் தாளில் இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எல்லாக் கட்டமும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் நிரம்பியிருந்தால் அது எப்போது எழுதப்பட்டது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. தாளை மடித்துவைத்துவிட்டு நோயாளியின் குதிகாலையும் இடுப்புக்குக் கீழ் முதுகையும் பார்ப்பதே மேல்.

கைகளின் கணக்கு

எந்த அளவீட்டைத் தொட்டாலும் ஆய்வுகள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் ஒன்றுண்டு: நோயாளி ஒருவருக்கு எத்தனை மணி நேரம் ஆள் கிடைக்கிறார் என்பது. அமெரிக்காவில் 2001இல் அரசு செய்வித்த ஆய்வு, நாளொன்றுக்கு 4.1 மணி நேரத்துக்குக் கீழே போனால் தீங்கு கூடும் அபாயம் உண்டு என்றது. 2024இல் அந்த அரசு 3.48 மணி என்று விதி வகுத்தது. இல்ல உரிமையாளர் அமைப்புகள் வழக்குப் போட, 2025இல் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. ஆள் கிடைக்கமாட்டார்கள், சிற்றூர் இல்லங்கள் மூடப்படும் என்பது அவர்கள் வாதம். முழுக்கப் பொய்யென்று சொல்லிவிட முடியாது.

எண்ணைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். 30 படுக்கை உள்ள இல்லத்துக்கு 3.48 மணி என்றால் நாளுக்கு 104 மணி, எட்டு மணி ஷிப்டுக்கு 13 ஆள். நம் ஊர் இல்லங்களில் இந்த எண்ணிக்கையைக் கேட்டால் சிரிப்பார்கள். போகட்டும், இரவை மட்டும் எடுத்துக்கொள்வோம். புரட்ட வேண்டியவர்கள் பத்துப் பேர். இரண்டு மணிக்கொரு முறை என்றால் இரவு எட்டு முதல் காலை ஆறு வரை ஐம்பது புரட்டல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆள், ஐந்து நிமிடம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அதற்கே போய்விடும். நனைந்த துணி மாற்றுவது, தண்ணீர் கொடுப்பது, எழுந்து நடக்கப் பார்ப்பவரைப் பிடித்து உட்காரவைப்பது எல்லாம் இதற்கு வெளியே. நல்ல மெத்தை இருந்தால் இடைவெளியை மூன்று, நான்கு மணியாக்கினாலும் புண் கூடுவதில்லை என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே இரண்டு மணி என்பது கல்லில் எழுத்து அல்ல. ஆனால் இரவில் ஒரே ஒரு ஆயா இருக்கும் இடத்தில் எந்த இடைவெளியும் நடைமுறையில் நில்லாது.

லாப நோக்கமற்ற இல்லங்கள் சராசரியாக மேல் என்று 82 ஆய்வுகளைத் தொகுத்த 2009ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அங்கேயும் வேறுபாட்டின் பெரும்பகுதி ஆள்பலத்தில் தெரிகிறது. இதை நம் நாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. இங்கே அறக்கட்டளை என்ற பெயர் மட்டும் எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், கைகளின் எண்ணிக்கை அந்தக் கைகளின் பக்குவத்தைச் சொல்லாது என்பது. பத்தாம் வகுப்பு முடித்து வேலைக்கு வந்த பெண்ணை வாய்வழி உணவூட்டலுக்கும் சிறுநீர்க் குழாய்ப் பராமரிப்புக்கும் யார் பழக்கினார்கள்? மூன்று மாதத்தில் அவள் ஏன் போய்விடுகிறாள்? ஆளுக்கு நான்கு நாழி என்ற பழைய கணக்கு இங்கே மறுபடி நினைவுக்கு வராமல் இராது. பணியாளர் எவ்வளவு நாள் தங்குகிறார்கள் என்பதைக் கேட்கும் குடும்பங்கள் குறைவு. கேட்டால் கிடைக்கும் பதில், கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவதைவிட அதிகம் சொல்லும்.

திறந்த வாசல்

கடைசி நிலைப்பாடு அளவுகோல்களையே நம்பாதது. ஊர்க்கண் படட்டும் என்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கத்திலிருந்து வளர்ந்த கேரள முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்துத் தொண்டர்கள் நோயாளியின் வீட்டுக்கே போகிறார்கள். கேரள அரசு 2008இல் அதைக் கொள்கையாக ஏற்றது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இயன்முறைச் சிகிச்சையையும் நோய்த்தணிப்பையும் வீட்டுக்குக் கொண்டுசெல்ல முயல்கிறது. இல்லத்தில் சேர்க்கும் தேவையையே குறைப்பது ஒரு வழிதான். ஆளில்லாத வீட்டுக்கு வாரம் ஒருமுறை வரும் இயன்முறையாளர் போதுமா என்பது அடுத்த கேள்வி.

இல்லங்களுக்குள் ஊர்க்கண் எப்படிப் படும்? நேரம் சொல்லாமல் உறவினர் வரலாம் என்ற ஏற்பாடு ஒன்று. ஞாயிறு பதினொரு மணிக்கு மட்டும் என்று சொல்லும் இடத்தில் ஞாயிறு பதினொரு மணி மட்டும் நன்றாக இருக்கும். சிசிடிவி என்கிறார்கள். உடைமாற்றும் அறையில் அதை வைப்பது பாதுகாப்பா அவமதிப்பா? இருப்பவர்களிடமே கேட்கலாம். இரவு அங்கேயே தூங்கவேண்டியவர் பகலில் குறை சொல்வாரா? நினைவு தப்பியவர் சொல்வதை யார் பதிவார்? எல்லாவற்றையும்விடச் சங்கடமானது, வருவதற்கு ஆள் உள்ளவருக்கே இந்த வழி காவல் என்பது. ஆளற்றவர்தான் மிகுந்த ஆபத்தில் இருப்பவர்.

தீராதவை

சான்றுகளை எடைபோட்டால், ஒரு இல்லத்தைப் பற்றிச் சற்று நம்பிக்கையோடு பேசுபவை இரண்டு என்று தோன்றுகிறது: இரவுப் பணியாளர் எத்தனை பேர், எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்பதும், சொல்லாமல் வரும் ஆளுக்குக் கதவு திறக்கிறதா என்பதும். இவையும் பெரும்பாலும் வெளிநாட்டு ஆய்வுகளின் பலத்தில் சொல்வது. தமிழ்நாட்டு இல்லங்களில் விழுதல், படுக்கைப் புண், மருந்துப் பிழை இவற்றை ஒரே முறையில் தொடர்ந்து பதிந்து வெளியிட்டால் ஒழிய, இங்கும் அப்படித்தானா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. தரையில் உட்கார்ந்து எழுவதையும் தறியில் இறங்குவதையும் மதிப்பெண்ணாக்கும் அளவுகோலை யாராவது செய்தாக வேண்டும். அது இயன்முறைக் கல்லூரி ஒன்றின் கைக்கெட்டும் வேலை.

மோசமான இல்லத்தை மூடுவது பற்றிய கேள்வி இன்னும் கடினம். இடமாற்றமே முதியவரைக் குலைத்துவிடும் என்போர் உண்டு. திட்டமிட்டு, முன்னதாகச் சொல்லி, பழகிய பணியாளரோடு மாற்றினால் பாதிப்பு குறையும் என்போரும் உண்டு. அவசரத்தில் பேருந்தில் ஏற்றி அனுப்புவதை இரு தரப்பாரும் ஏற்கமாட்டார்கள். 2007 சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஆதரவற்ற முதியோர் 150 பேருக்காவது இடமுள்ள இல்லம் ஒன்றை மாவட்டந்தோறும் அரசு அமைக்கலாம் என்கிறது. 'அமைக்கவேண்டும்' என்று அதில் இல்லை. இல்லங்களுக்குக் குறைந்தபட்சத் தரத்தைக் கட்டாயமாக்க 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவந்த திருத்த மசோதா நிறைவேறவில்லை. மாற்றிவைக்க இடமில்லாத மாவட்டத்தில், மோசமான இல்லம் ஒன்றைக் கண்டுபிடித்த அதிகாரி அதை மூடத் தயங்குவார். அந்தத் தயக்கத்தை எந்த மதிப்பெண் முறையும் இதுவரை கணக்கில் சேர்க்கவில்லை.